கலங்கல் தெளியும்வரை

மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் அவள் ஊரான சங்கேந்திமேட்டில் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தமயந்தி காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. பக்கத்தில் இருக்கிற மண்ணும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த கப்பலுக்கு நேர் கீழே, சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஆழத்தில், அரைத்த உளுந்து மாதிரி கொழகொழவென்று படிந்துகிடந்த கடலடி மண். அங்கே மனுஷன் போக முடியாது. போயிருந்தது ஒரு மஞ்சள் இயந்திரம், ஆட்டோ அளவு இருக்கும், இரண்டு கை, நாலு விளக்கு, கண்ணுக்குப் பதில் காமிரா, கப்பல்வரைக்கும் நீளுகிற ஒரு கேபிள். அதை ஓட்டுகிறவள் தமயந்தி. கப்பல் முழுக்க அதற்கு மாப்பிள்ளை என்று பெயர், வைத்தது ஹாஜா நானா. குளிப்பாட்டி, எண்ணெய் ஊற்றி, ஆயுதபூஜைக்கு மாலை போட்டு, உடம்புக்கு ஒன்று என்றால் எட்டுப் பேர் சுற்றி நின்று, இத்தனை சீராட்டியும் வேலை சொன்னால் முறுக்கிக்கொள்கிறதே, வேறு என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டார். நாகூர்க்காரர், தமயந்திக்குப் பக்கத்து நாற்காலி, அவளுக்கு முன்பே இந்த வேலைக்கு வந்தவர். இருவரும் உட்கார்ந்திருந்தது கப்பலின் பின்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் இரும்பு அறை. வெளியே மத்தியான வெயில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது, உள்ளே ஏசி பாதத்தை மரத்துப்போகச் செய்தது. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு வெகுநேரமாக இருந்தது. எழுந்து போகலாம், நானா பார்த்துக்கொள்வார், ஆனால் போகிற அந்த நேரத்தில் பார்த்து வந்துவிட்டால் என்று தோன்றிக்கொண்டே இருந்ததால் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வரக் கூடாதது ஒன்றே ஒன்று. பொங்கல் முடிந்த கையோடு வெடித்த எண்ணெய்க் கிணறு, மாசி பிறந்தும் அடங்கவில்லை. முதலில் ஒரு பெரிய இரும்புக் கூண்டைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள், அந்த ஆழத்துக் குளிரில் வாயு உறைந்து கூண்டை அடைத்துக்கொண்டது. பிறகு கனத்த சேற்றைக் குழாய் வழியாகத் திணித்தார்கள், கிணறு அதை வாங்கி வாங்கித் துப்பியது. கடைசியில் உடைந்த குழாயை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒரு மூடியைப் பொருத்தி, நேற்றுச் சாயங்காலம் அதன் வால்வை முழுக்க மூடினார்கள். எண்ணெய் நின்றது. கப்பலில் கைதட்டினார்கள், யாரோ கேசரி கிளறச் சொன்னார்கள். ஆனால் மூடியதோடு கதை முடியாது. மேலே வழி இல்லாத எண்ணெய் உள்ளுக்குள்ளேயே முட்டும். பூமிக்குள் போகிற குழாய் முழுசாக இருந்தால் முட்டிவிட்டு அடங்கிக் கிடக்கும், எங்காவது கிழிந்திருந்தால் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்து, மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அப்படிப் பிளந்துவிட்டால் எந்த மூடியும் உதவாது, கடலடி முழுக்கக் கிணறுதான். அதனால் இன்று பொழுது சாயும்வரை கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். சைக்கிள் கடையில் டியூபைக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். ஒரு குமிழி, ஒரு துளி, மண்ணிலிருந்து ஏறியதென்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்ன அடுத்த நிமிஷம் வால்வைத் திறந்துவிடுவார்கள், எண்ணெய் பழையபடி கடலுக்குள் கொட்டும், பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி அடியில் சிமெண்ட் அடைக்கும்வரை கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு மழைக்காலம் வந்துவிடும். கடலுக்குள் எந்நேரமும் மேலேயிருந்து தூசி விழுந்துகொண்டுதான் இருக்கும், செத்த மீனின் செதிள், பாசி, என்னென்னவோ, விளக்கு வெளிச்சத்தில் பஞ்சாகப் பறந்து மெல்ல இறங்கும். விழுகிறதெல்லாம் சரி. ஏறுகிற ஒன்றைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள், தேடும்போதே அது இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் இருந்தாள். இப்படி வேண்டிக்கொண்டு பார்க்கிற கண் உருப்படியாகப் பார்க்குமா என்று ஒரு பயம் அதற்குள் உட்கார்ந்திருந்தது.

எல்லாம் அந்தப் போனால் வந்தது. காலையில் அப்பாவிடம் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினாலும், டெஸ்ட் நடக்குது, முடியட்டும், சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம். அவளோ, "நின்னுடுச்சுப்பா" என்றாள். நின்னுடுச்சுப்பா. எத்தனை சந்தோஷமாகச் சொன்னாள், சின்னப் பிள்ளை பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற மாதிரி. இப்போதைக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தாளா? சேர்க்கவில்லை. நாக்கு நுனியில் இருந்ததா? அதுகூட இல்லை, அந்த நேரத்தில் அவளுக்கே அது நின்றுதான் போயிருந்தது. அப்பா கஜபதி ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர், மைக் பிடிக்கிற வேலை அவருடையது. கரையில் எண்ணெய் ஒதுங்கிய நாளிலிருந்து ஊர் கூடித் தொழிலை நிறுத்தி வைத்திருந்தது, பிடித்தாலும் வாங்க ஆளில்லை, அம்மா காயப்போட்ட கருவாட்டில்கூட மண்ணெண்ணெய் வாடை. வீட்டுக்கு வீடு உருளைக்கிழங்குக் குழம்பு. அந்த ஊரில் இவளுக்குக் கம்பெனிக்காரி என்று பெயர் வைத்தாயிற்று. கிணற்றை வெடிக்கவிட்டவர்கள் வேறு, அடைக்க வந்த கப்பல் வேறு என்று அப்பா எத்தனை கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? காலையில் அந்தப் போன் வந்ததும் அவர் நேரே பஞ்சாயத்துக்குப் போய், டிவிக்காரன் டெஸ்ட்டுங்குறான், அது கெடக்கட்டும், எம் பொண்ணு உள்ளயே உக்காந்து பாக்குறவ, அவ நின்னுடுச்சுன்னா நின்னுடுச்சு என்று அடித்துப் பேசியிருக்கிறார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டுச் சொன்னார்: நாளை விடியலில் எல்லாப் படகும் இறங்குகிறது, முதல் வலையில் கிடைக்கிற பாடு மாரியம்மனுக்கு, ஐஸ் சொல்லியாச்சு, டீசல் சொல்லியாச்சு. அவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா, இருங்க, இன்னும் முடியல. சொல்லவில்லை. அவர் குரலில் இருந்த அந்தத் துள்ளல், அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே மென்று முழுங்கிவிட்டாள்.

அப்போது ஒன்று வந்தது. திரையின் இடது கீழ்மூலையில், மாப்பிள்ளையின் மணிக்கட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே, மிளகு அளவில் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் மினுக்கிவிட்டு மேலே போய் மறைந்தது. ஏறியது. விழவில்லை, ஏறியது. தமயந்தி திரையை நோக்கிக் குனிந்தாள். நானா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றத் திரும்பியிருந்தார், பார்க்கவில்லை. பார்த்தவர் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டு சொல்லக் கூடாது, நினைத்ததைச் சொல்லக் கூடாது, பார்த்ததைச் சொல்ல வேண்டும். இந்த அறையில் சுவரில் எழுதாத சட்டம் அது. சொல்லலாம். ஆனால் பார்த்தாளா? ஒரு தூசி நீரோட்டத்தில் எகிறியிருக்கலாம். கண்ணே பூத்துப்போய் ஏதோ காட்டியிருக்கலாம், காலையிலிருந்து ஒரே இடத்தைப் பார்க்கிற கண். அல்லது கை. ஆமாம், கை! மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டில் போன வாரத்திலிருந்து எண்ணெய் கசிகிறது, இயந்திரத்தின் சொந்த எண்ணெய், கையை ஆட்டுவதற்கு உள்ளே ஓடுகிறது. கை அழுவுது என்பார் நானா. காலையில் கடலுக்குள் இறக்கும் முன்கூடக் கொஞ்சம் ஊற்றி நிரப்பினார். அந்தக் கைக்குப் பக்கத்தில்தானே வந்தது? அதுதான். அதுவேதான். அவளுக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சைப் பார்த்துப் பயந்தாள், இத்தனை சுலபமாகவா ஒரு பதில் கிடைக்கும், கேட்கும் முன்பே கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

காதில் வரதன் சாரின் குரல் வந்தது. "தமயந்தி, எதாவது இருக்கா?" அழுத்தமானியைப் பார்க்கிற அறை அவருடையது, மேல் தளத்தில். கால் மணிக்கு ஒருதரம் கேட்பார், இவள் ஒண்ணுமில்ல சார் என்பாள், அவர் குட் என்பார், காலையிலிருந்து அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் வாய் தானாகவே ஒண்ணுமில்ல என்று திறந்துவிட்டது, ஒ வரைக்கும் வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினாள். "பார்த்துட்டிருக்கேன் சார்." அவர் பின்னால் நாற்காலி இழுபடுவதும் யாரோ இருமுவதும் கேட்டன, டெல்லியிலிருந்து வந்தவர்கள், கம்பெனிப் பெரியவர்கள், எல்லாரும் அந்த அறையில்தான். "பார்த்துட்டிருக்கேன்னா?" என்றார் வரதன். அந்தக் கணம் பார்த்து இரண்டாவது வந்தது, அதே இடம், அதே மிளகு, அதே மினுக்கு. டீக் கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நானா அப்படியே நின்றார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன இருந்ததோ, மனுஷன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "நம்ம கைதான் சார். ஒரு வாரமா அழுவுது. காலைல நாந்தான் ஊத்துனேன்." வரதன் உடனே, "அப்ப ஓகேதானே? நம்ம எண்ணெய்தானே?" என்றார், அவர் குரலும் தாவிப் பிடித்துக்கொண்டது, பாவம், அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இந்தக் கப்பலில் எல்லாருக்கும் அந்தப் பதில் வேண்டும். தான் ஒரு ஆமாம் சொன்னால் போதும், யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை என்பது தமயந்திக்குத் தெரிந்தது, அதுதான் அவளைக் குத்தியது. "தெரியல சார். பின்னால வந்து பார்க்கிறேன். நம்மகூட வந்தா நம்மளுது. அங்கயே நின்னா மண்ணுது." "எவ்வளவு நேரமாகும்?" "நகர்ந்தா மண்ணு கலங்கும் சார். தெளியிற நேரம்."

விசையை மெல்ல இழுத்தாள். எத்தனை மெல்ல இழுத்தாலும் மாப்பிள்ளை எழுந்திரிக்கும்போது தூசி கிளப்பாமல் எழுந்திரிக்க மாட்டார், கீழே விசிறி சுழன்றது, அவ்வளவுதான், திரை முழுக்கச் சாம்பல். கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் மறுபடி உட்காரவைத்தாள், இன்னும் சாம்பல். இனி ஒன்றும் செய்வதற்கில்லை. சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் அது வந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா? மண்ணுக்கு அடியில் கிழிகிறதென்றால் இந்த நேரமெல்லாம் கிழிந்துகொண்டிருக்கும், தெளியட்டும் என்று அது காத்திருக்காது. இப்போதே சொல்லிவிடலாமா, திறங்க சார் என்று? சொல்லிவிட்டுக் கையின் கசிவுதான் என்று ஆகிவிட்டால்? நல்ல மூடியைத் திறந்துவிட்டவள் என்று பெயர் வரும். புயல் கஜபதி பெற்ற பெண் வேறு எப்படி இருப்பாள் என்பார்கள். ஒருகாலத்தில் கடல் எண்ணெய் தடவின மாதிரி வழுவழுவென்று கிடந்த ஒரு காலையில் அப்பா மைக்கில் இன்னைக்கு வேணாம், காத்து சரியில்ல என்று சொல்லிவிட்டார். ஒருவரும் போகவில்லை. புயலும் வரவில்லை. அன்றைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வஞ்சிரமாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்று வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது, புயல் கஜபதி, டீக்கடையில் கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே என்னடா என்பார். அந்தச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் அவளைப் புயல் என்று கேலி செய்தபோது அவளுக்கு அந்தச் சிரிப்பின்மேல்தான் கோபம் கோபமாக வந்தது, ஏன் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார் என்று. காலையில் பஞ்சாயத்தில் அடித்துப் பேசினாரே, இத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை, அதுவும் இவள் வார்த்தையை நம்பி. கையாக இருக்கட்டும். மாரியம்மா, கையாக இருக்கட்டும். கை என்று நினைத்துக்கொண்டே பார்த்தால் கையாகத்தான் தெரியும், அதனால் நினைக்காதே, நினைக்காமல் பார். நினைக்காமல் எப்படிப் பார்ப்பது? பாதம் மரத்துவிட்டது, அடிவயிறு வலித்தது. நானா உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். "தங்கச்சி," என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாம உக்காந்து அமுக்குனதுல, மண்ணுக்குள்ள கெடந்த காத்து வந்திருந்தாலும் வந்திருக்கும்." அவரும் தேடுகிறார், இன்னொரு கதவு கிடைக்குமா என்று. அவர் நல்லவர், தன் ஊருக்கும் இதே கடல்தான் என்று அவருக்குத் தெரியாதா?

முதலில் தெளிந்தது மேல்பாதி. அங்கே பஞ்சு பஞ்சாக எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. பிறகு மாப்பிள்ளையின் கை வெளியே வந்தது, மடக்கி வைத்த இரண்டு கைகளும். தமயந்தி இடது மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள். அழு என்றாள் மனசுக்குள். அழேன், இத்தனை நாள் அழுதாயே. அது காய்ந்த கண்ணோடு சும்மா இருந்தது. காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், ஒரு துளி இல்லை. கலங்கல் இன்னும் கீழே இறங்கியது, அவர்கள் முதலில் உட்கார்ந்திருந்த இடம் மெல்லத் தெரிந்தது, மாப்பிள்ளையின் சட்டம் பதிந்த இரண்டு கோடு, அந்தக் கோட்டுக்கு வெளியே, அமுக்கின இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு முழம் தள்ளி, எறும்பு வளையின் வாய் அளவுக்கு ஒரு துளை. அதன் விளிம்பில் மண் துகள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஒன்று வந்தது. மிளகு அளவு. மினுக்கிவிட்டு ஏறியது. உள்ளே கிடந்த காற்றாக இருந்தால் ஒன்றிரண்டோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்தாள். இன்னொன்று வந்தது. ஓயட்டும் என்று காத்தாள். இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. அழுகையைக் கண்ணுக்கு வர விடவில்லை, கண் இப்போது வேலைக்கு வேண்டும். ஓயவில்லை. "சார்," என்றாள், குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, "குமிழி. மண்ணுலேர்ந்து வருது. கை இல்ல." மேல் தள அறையில் யாரோ ஆங்கிலத்தில் கத்தினார்கள். வரதன், "கன்ஃபர்மா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. தொறந்தா அவ்வளவுதான்," என்றார். "கன்ஃபர்ம் சார்." நானா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் குனிந்து, "நானும் பார்த்தேன் சார். மண்ணுதான்," என்றார். பக்கத்துத் திரையில் மூடி தெரிந்தது, அங்கே நிற்கிற இன்னொரு இயந்திரம் காட்டுகிற படம். அதன் கை வால்வைத் திருகத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூடியின் வாயிலிருந்து ஒரு பழுப்புப் புகை கிளம்பியது, பருத்தது, நேற்றுவரை பார்த்துப் பார்த்துச் சலித்த அதே பழைய புகை, எந்த அவசரமும் இல்லாமல் கடலுக்குள் ஏறத் தொடங்கியது. அவள் சொல்லித்தான் ஏறியது. அவள் தன் திரையைப் பார்த்தாள், துளையிலிருந்து ஒன்று வந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மண் இன்னும் பிளக்கவில்லை. வரதன் சாரின் குரல் வந்தது. "நேரத்துக்குச் சொன்னீங்க," என்றார், அது அவள் காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை.

நானா, நான் பார்த்துக்கிறேன் போ என்றார். பாத்ரூம் போய்விட்டு வெளியே தளத்துக்கு வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது, கடல் சுத்தமாக நீலமாக இருந்தது, கீழேயிருந்து புறப்பட்டது மேலே வந்து சேர இன்னும் நேரமிருந்தது. கப்பலின் வைஃபை நன்றாகக் கிடைக்கிற கம்பிக்குப் பக்கத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ படகுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஐஸ் வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளவும். "சொல்லும்மா! இங்க ஊரே கரையில நிக்கிது. ஒங்கம்மா எல்லாத்துக்கும் டீ போட்டுக் குடுத்துட்டுருக்கா, நீ பாக்கணும்!" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா. மறுபடி தொறந்துட்டாங்கப்பா." "எதை?" "கெணத்தை." "யாருடி தொறந்தது? எவன் அவன்?" "நாந்தாப்பா தொறக்கச் சொன்னேன். அடியில மண்ணுலேர்ந்து வருது. உடாம மூடி வச்சிருந்தா கடலே பொளந்துடும்." படகுகளின் பெயர் தொடர்ந்தது. "காத்தால நின்னுடுச்சுன்னியே." "தப்பாச் சொல்லிட்டேன்ப்பா. டெஸ்ட் முடியறதுக்குள்ள சொல்லிட்டேன்." "இப்ப?" "இப்பப் பார்த்துட்டேன்." "நல்லாப் பார்த்தியா?" "பார்த்தேன்ப்பா." திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டது, மணலில், பிறகு சிமெண்ட் தரையில், டேய் அதைக் கொண்டா இங்க என்றார் யாரிடமோ. பெயர்கள் நின்றன. அவர் தொண்டையைக் கனைத்தது போனில் ஒருதரமும், அதற்குச் சற்றுப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒருதரமும் கேட்டது. "ஊர் சனங்களுக்கு அறிவிக்கிறது என்னன்னா, நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போவ வேணாம். கெணறு நிக்கல. காத்தால நான் சொன்னது தப்பு." கரையிலிருந்து கூச்சல் கிளம்புவது போனிலேயே கேட்டது, கம்பெனிக்காரி என்று யாரோ ஒருத்தி கத்தியதும் கேட்டது. அதற்கு மேலே அவர் குரல் இன்னொருதரம் வந்தது. "இப்ப எம் பொண்ணு கண்ணால பார்த்துட்டுச் சொல்றா. யாரும் போவ வேணாம்." மைக்கை அணைத்த சத்தம் கேட்டது. போனை அப்பா அணைக்கவில்லை, அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டபடி தமயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.